பதினெட்டு றாத்தல்

பொகவந்தலாவை
29.4.1957

என் தங்கை மரியநாயகிக்கு,

சேசுவின் சமாதானம் உன் வீட்டில் தங்குவதாக. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். ஹட்டனில் பஸ் மாறும்போது குடையை விட்டுவிட்டேன், அவ்வளவுதான் நட்டம். நீயும் பிள்ளை லூர்துவும் சுகமா? உன் வீட்டுக்காரர் தம்பி இக்னேசியசும் மாமியும் சுகமா?

ஒன்று எழுத வேண்டும். பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள், பிள்ளையின் ஞானஸ்நான விருந்தில், எல்லோர் முன்னாலும் நான் உன்னைப் பார்த்து, "என்னடி, பெத்து இறக்கியும் வயித்துல இன்னொண்ணு இருக்கிற மாதிரி நிக்கிறியே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உன் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. உன்னை மேலும் கீழும் பார்த்தார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பார்வை என் கண்ணிலேயே நின்றது.

பதினொரு வருடமாகத் தோட்டத்து மருத்துவிச்சியாக இருக்கிறவள் பேசக் கூடாத பேச்சு அது. பிள்ளை பெற்று இரண்டு மாதம்கூட நிறையாத உடம்பு அப்படித்தான் இருக்கும். பால் கொடுக்கக் கொடுக்கத் தானாக இறங்கும். மனதில் வைத்துக்கொள்ளாதே.

லூர்துவின் நெற்றியில் என் முத்தம்.

உன் அக்காள்,
ஜோசப்பின்

•

வட்டவளை, மேற்கணக்கு
17.5.1957

அன்பு மிகுந்த அக்காவுக்கு,

மாதாவின் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். உங்கள் சுகம் அறிய ஆவல். நீங்கள் சொன்னதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். இங்கேதான் மறக்கவில்லை. அவர் இரண்டு தடவை அதைச் சொல்லிச் சிரித்தார். கோபமாக அல்ல, விளையாட்டாக.

துரை ஆகஸ்டில் சீமைக்குப் போகிறாராம். போவதற்கு முன் இவரைப் போன்ற கிளாக்கர்மார், மலையில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்குமார் எல்லோரையும் மனைவிமாரோடு நிறுத்தி பங்களா வாசலில் படம் எடுக்கப் போகிறார்கள். இவர் தோட்டத்துக்கு வந்து ஆறு வருடத்தில் இதுதான் முதல் படம். கலியாணச் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். கை நுழையவில்லை. "நீ வராட்டியும் பரவாயில்ல, நான் தனியா நிக்கிறேன்" என்றார்.

மாமி எனக்குப் பத்தியம் வைத்திருக்கிறார்கள். காலையில் ஒரு தம்ளர், மாலையில் ஒரு தம்ளர், அவ்வளவுதான் தண்ணீர். குடித்தால் வயிறு தொங்கிவிடுமாம். வயிற்றைச் சுற்றி நாலு முழத் துணி கட்டியிருக்கிறேன். மத்தியானம் மட்டும் சோறு.

உடம்பு இறங்க எத்தனை நாள் ஆகும் அக்கா? உங்களுக்குத் தெரியுமே என்று கேட்கிறேன்.

லூர்து நன்றாக இருக்கிறாள்.

தங்கை,
மரியநாயகி

•

பொகவந்தலாவை
23.5.1957

மரியநாயகி,

ஆண்டவர் உனக்குச் சுகமும் புத்தியும் தரட்டும். உன் கடிதம் நேற்று வந்தது. இன்றைக்கே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். பிள்ளை உன் மார்பில் குடிப்பது எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறாய்? ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு செம்பு வெந்நீர் இருக்கட்டும். மாமியிடம் நான் சொன்னதாகச் சொல். வயிற்றுத் துணியை மூச்சு முட்டக் கட்டாதே.

மூன்று வேளையும் சாப்பிடு. சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள். பருப்பையும் கீரையையும் மீனையும் கூட்டிக்கொள். முருங்கைக்கீரை கிடைத்தால் விடாதே. சீனித் தேத்தண்ணியையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் தள்ளி வை. மழை விட்ட நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் வரை நடந்துவிட்டு வா. மாதத்துக்கு மூன்று, நான்கு றாத்தல் இறங்கினால் அது நல்ல இறக்கம். அதற்கு மேல் இறங்கினால் பிள்ளையின் வாயிலிருந்து எடுக்கிறாய் என்று அர்த்தம். வயிறு பெரிதாக ஒன்பது மாதம் ஆனது. போகவும் அவ்வளவு காலம் கொடு.

இங்கே கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ராக்காயி என்று ஒருத்தி. நாலாவது பிள்ளை பெற்று ஆறாவது வாரம் விடிகாலைப் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்து எடுக்கப் போய்விட்டாள். எலும்பும் தோலும். அவளிடம் போய், உடம்பை இளைக்க வைக்க என் தங்கை பட்டினி கிடக்கிறாள் என்று சொன்னால் நம்பமாட்டாள்.

படத்தில் நீ எப்படியும் நில். தடியாகவே நில்.

அக்காள்

•

வட்டவளை
28.6.1957

அன்புள்ள அக்காவுக்கு,

தேவ கிருபையில் அனைவரும் சுகம். பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும். இங்கே மழை விடாமல் அடிக்கிறது. அடுப்படிக் கொடியில் காயப்போட்டதெல்லாம் பாசி நாற்றம்.

ஒரு நல்ல செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அவர் என்னை ஃபெக்டரிக்குள் கூட்டிப்போய், தேயிலைப் பெட்டி நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தார். ஏப்ரலில் நூற்று நாற்பத்தெட்டு இருந்தேன். இப்போது நூற்று முப்பது. பதினெட்டு றாத்தல் குறைந்திருக்கிறேன். "அப்ப நீயும் படத்துக்கு வா" என்றார். கலியாணச் சட்டையில் ஒரு கை நுழைந்துவிட்டது.

நீங்கள் சொன்னபடிதான் சாப்பிடுகிறேன்.

லூர்துவைப் பற்றிக் கவலை வேண்டாம். அவ்வளவு சமர்த்து. அழுவதே கிடையாது. தூங்கிக்கொண்டே இருக்கிறாள். பாலுக்குக்கூட நாங்கள்தான் எழுப்ப வேண்டும். இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை என்று மாமி சொல்கிறார்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரியநாயகி

•

பொகவந்தலாவை
3.7.1957

மரியநாயகி,

எல்லோரும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். "சமர்த்து" என்று நீ எழுதிய இடத்தை நாலு தடவை வாசித்தேன். நாலு மாதப் பிள்ளை பசித்தால் லயமே அதிர அழ வேண்டும். அழ வலுவில்லாத பிள்ளைதான் தூங்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கிறாள்? எண்ணி எழுது. உச்சிக்குழி பள்ளமாக இருக்கிறதா, தொட்டுப் பார். உன்னைத் தராசில் ஏற்றியவர்கள் அவளை ஏற்றினார்களா? பிறக்கும்போது ஆறே முக்கால் றாத்தல். இப்போது பன்னிரண்டாவது இருக்க வேண்டும்.

நானே வந்திருப்பேன். இந்த வாரம் இரண்டு பேருக்கு நாள் நெருங்கிவிட்டது, ஒன்று இரட்டை. விட்டுவிட்டு வர முடியவில்லை. கடிதம் கிடைத்த அன்றே உங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோ.

எட்டு வாரத்தில் பதினெட்டு றாத்தல், நான் சொன்னபடி சாப்பிட்டால் இறங்காது. அதை மட்டும் தெரிந்துகொள்.

ஜோசப்பின்

•

வட்டவளை
15.7.1957

மதிப்பிற்குரிய மதினி அவர்களுக்கு,

கர்த்தருக்குத் தோத்திரம். தங்கள் சுகத்துக்கு மன்றாடும் இக்னேசியஸ் எழுதுவது. இந்தக் கடிதம் மரியநாயகிக்குத் தெரியாது. கந்தோரில், கணக்கு எழுதும் மேசையில் இருந்து எழுதுகிறேன்.

தாங்கள் தங்கைக்கு எழுதிய கடிதத்தை அவள் எனக்குக் காட்டவில்லை. தலையணைக்கு அடியில் இருந்ததை நான் எடுத்து வாசித்தேன். அதன் பிறகு பிள்ளையை நிறுத்துப் பார்த்தோம். ஏழே முக்கால் றாத்தல் இருந்தது. டாக்டரையா என்னை முகத்துக்கு நேரே பேசினார்.

மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மே மாதக் கடைசியில் ஹட்டன் சந்தைக்குப் போயிருந்தபோது, ஊர் ஊராகப் போகும் ஒரு மருந்துக்காரனிடம் உடம்பு மெலியும் சூரணம் என்று ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். வெறும் வயிற்றில் வெந்நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் நாலைந்து தடவை அவளுக்கு வயிற்றால் போனது. கெட்ட நீர் போகிறது என்று நினைத்தோம். பிள்ளைக்கும் அப்படியே போயிற்று. அதையும் பல் முளைக்கும் கோளாறு என்று நினைத்தோம். முதல் பொட்டலம் முடிந்தபோது இரண்டாவதும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அவள் என்னிடம் வேண்டாம் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்த,
இக்னேசியஸ்

•

பொகவந்தலாவை
18.7.1957

தம்பி இக்னேசியசுக்கு,

நீங்கள் எழுதியது நல்ல காரியம். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

சூரணத்தைக் கக்கூசில் கொட்டுங்கள். மரியநாயகிக்கு இன்றையிலிருந்து மூன்று வேளைச் சோறு, நடுவில் கஞ்சி, கேட்கும்போதெல்லாம் தண்ணீர். மாமி தடுத்தால் நீங்கள் நடுவில் நிற்க வேண்டும்; அது அவளால் முடியாது. பால் இல்லாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பிள்ளையை மார்பில் போடட்டும். பிள்ளை இழுத்தால்தான் பால் ஊறும். அது வரும்வரை டின் பால். கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டும் கரைக்க வேண்டும், கரண்டியையும் கொதிக்க வைக்க வேண்டும்.

இங்கே இரட்டைப் பிள்ளைகள் நேற்றுப் பிறந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இரண்டு நாள் லீவுதான் கிடைத்தது.

ஜோசப்பின்

•

வட்டவளை
30.8.1957

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் வந்து போன பிறகு தேவன் கண் திறந்துவிட்டார். லூர்து இப்போது பத்தரை றாத்தல். அழுகிறாள், சிரிக்கிறாள், காலை உதைக்கிறாள். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. பால் குறை இல்லை.

துரையின் பயணம் தள்ளிப் போனதால் படம் செப்டம்பர் கடைசிக்கு மாறியிருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். மாமியும் சுகம். அவரும் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

வேறு விசேஷம் இல்லை.

மரியநாயகி

•

பொகவந்தலாவை
6.9.1957

மரியநாயகி,

லூர்து உதைக்கிறாள் என்று வாசித்து, தனியாக உட்கார்ந்து அழுதேன். ஆண்டவருக்கு நன்றி.

ஆனால் நான் ஜூலையில் உன் மார்பை என் கையால் அழுத்திப் பார்த்தவள். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு கரண்டி வரவில்லை. திரும்பவும் ஊறும், ஆனால் ஐந்து வாரத்தில் பிள்ளைக்கு இவ்வளவு நிறை கூடும்படி ஊறாது. டின் பாலைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. "பால் குறை இல்லை" என்றுதான் எழுதியிருக்கிறாய். யாருடைய பால் என்று எழுதவில்லை.

வேறொருத்தி கொடுக்கிறாள் என்றால் அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் அவள் லயத்துப் பெண் என்றால், கைப்பிள்ளைக்காரி என்றால், இதைக் கவனமாக வாசி. பகலெல்லாம் மலை ஏறிக் கொழுந்து எடுத்துவிட்டு இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டுமானால் அவள் உன்னைவிட இரண்டு மடங்கு சாப்பிட வேண்டும். உன் வீட்டில், உன் கண் முன்னால் சாப்பிட வேண்டும். அவளுடைய பிள்ளை முதலில் குடிக்கட்டும். மிச்சம்தான் லூர்துவுக்கு. அவள் பிள்ளையை மாதம் ஒரு தடவையாவது நிறுத்துப் பார்க்கச் சொல்.

அவள் பேரென்ன? எழுது.

அக்காள்

•

பொகவந்தலாவை
14.10.1957

மரியநாயகி,

சுகமா? ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தம்பிக்கு எழுதினேன். எல்லோரும் சுகம், படம் நன்றாக வந்திருக்கிறது என்று பதில் வந்தது. நான் படத்தைக் கேட்கவில்லை.

நான் கேட்டதற்கு நீதான் எழுத வேண்டும்.

ஜோசப்பின்

•

வட்டவளை
5.11.1957

அக்கா,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். லூர்து சுகம். பதின்மூன்று றாத்தல்.

அவள் பேர் வீரம்மா. ஆறாம் நம்பர் லயம். புருஷன் பேர் மாயாண்டி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை. ஐந்து வயதில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறது. அழகன் என்று ஒரு கைப்பிள்ளை, தைப் பொங்கலுக்கு மறுநாள் பிறந்தவன். இருந்தான்.

நீங்கள் ஜூலையில் திரும்பிப் போன மூன்றாம் நாள் டின் பால் லூர்துவுக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போனது. மாமி பயந்துவிட்டார்கள். வீரம்மாவுக்குப் பால் நிறைய என்று கொழுந்துக்காரிகள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் இருக்கும் ஆயா சொன்னாள். மாமி முதலில், லயத்துப் பாலா என்று முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களே ஆள் அனுப்பினார்கள். மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு வருவாள், மாலையில் மறுபடியும் வருவாள். விறகுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கொடுப்பாள். உள்ளே கூப்பிடவில்லை. வெந்நீரில் மார்பைக் கழுவச் சொல்லி மாமி ஒரு தகரக் குவளை தனியாக வைத்திருந்தார்கள். ஒரு ரொட்டியும் வெறும் தேத்தண்ணியும் கொடுப்போம். ரொட்டியைப் பாதி தின்றுவிட்டு மீதியைப் பெண் பிள்ளைக்கு முந்தானையில் முடிந்துகொள்வாள். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீங்கள் "அவளுடைய பிள்ளை முதலில் குடிக்கட்டும்" என்று எழுதிய கடிதம் செப்டம்பர் ஒன்பதாம் தேதி வந்தது. வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். மத்தியானம் வீரம்மா வந்தாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் லூர்துவுக்குக் குறைந்துவிடும் என்று நினைத்தேன். இது ஒரு பாதிதான்.

மறு பாதியை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. ஆகஸ்ட் கடைசியில் எனக்குப் பால் ஊற ஆரம்பித்திருந்தது, அக்கா. நீங்கள் சொன்னபடி மூன்று வேளை சாப்பிட்டதில் ஊறியது. உடம்பும் கொஞ்சம் ஏறியது. படத்துக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. கலியாணச் சட்டை திரும்பவும் இறுக்கியது. வீரம்மாதான் இருக்கிறாளே என்று நான் மறுபடியும் ஒரு வேளைச் சோற்றுக்குப் போனேன். யாரும் சொல்லவில்லை. அவர்கூட, "வேணாம், சாப்பிடு" என்றுதான் சொன்னார். நானாகப் போனேன். எனக்கு வந்த பால் நின்றது. அதனால் வீரம்மா காலையிலும் வர வேண்டியதாயிற்று. பெரட்டுக்கு முன்னால், தன் பிள்ளையைக் காம்பராவில் விடுவதற்கு முன்னால், இங்கே வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

படம் செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி எடுத்தார்கள். சட்டை போட முடிந்தது.

அழகனுக்கு அக்டோபர் முதல் வாரம் காய்ச்சல் வந்தது. காம்பராவில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதே காய்ச்சல். அவர்கள் எழுந்துவிட்டார்கள். இவன் எட்டாம் தேதி காலையில் போய்விட்டான். மரணப் பத்திரத்தில் காய்ச்சல் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். ஒன்பது மாதப் பிள்ளை, அக்கா. லூர்துவை ஜூலையில் நீங்கள் கையில் ஏந்திப் பார்த்தீர்களே, அதே கை, அதே கால். அந்த லயத்தில் எல்லோரும் எனக்கு வழிவிட்டு நின்றார்கள். கிளாக்கரம்மா வந்திருக்கிறார்கள் என்று ஒரு பலகையைத் துடைத்துப் போட்டார்கள். நான் உட்காரவில்லை. வீரம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அவள் இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். லூர்துவுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தோம். நான் பானையில் இருந்ததையெல்லாம் தின்றேன், தண்ணீராகக் குடித்தேன், பிள்ளையை மார்பை விட்டு இறக்கவில்லை. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் பின்வாசலில் வீரம்மா நின்றாள். மழையில் நனைந்திருந்தாள். மார்புச் சேலையும் நனைந்திருந்தது, ஆனால் அது மழை இல்லை.

"ரெண்டு பக்கமும் கல்லாக் கட்டிக்கிடுச்சுங்கம்மா. கையத் தூக்க முடியல, கொழுந்து எடுக்க முடியல. பீச்சி மண்ணுல விட மனசு வரல. பாப்பாவக் கொஞ்சம் குடுங்க" என்றாள்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வீரம்மா, நான்..." என்றேன்.

"பாப்பா அழுவுது, எடுத்தாங்கம்மா" என்றாள்.

உள்ளே கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்து வந்து அடுப்படியில் உட்கார வைத்தேன். மாமி எழுந்து முன்னறைக்குப் போய்விட்டார்கள். லூர்து அவளைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். குடிக்கும் சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. வீரம்மா பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தாள். வலி ஆறும்வரை அப்படியே இருந்தாள். பிறகு கண்ணைத் திறக்காமலே அவள் கை லூர்துவின் முதுகைத் தட்ட ஆரம்பித்தது. "சின்னவன் வலது பக்கந்தான் கேப்பான்" என்றாள்.

சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு அவள் முன்னால் வைத்தேன். ஒரு கையால் தின்றாள். பெண் பிள்ளைக்குத் தனியாக ஒரு சட்டியில் கட்டிக் கொடுத்தேன். இதைச் செய்ய எனக்கு அக்டோபர் வரைக்கும் ஆயிற்று.

அன்றிலிருந்து தினமும் வருகிறாள். எனக்கும் இப்போது பாதிக்குப் பால் வருகிறது. கூடியவரை நானே கொடுக்கிறேன். ஆனால் அவளை வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அவளும் நிறுத்துகிறேன் என்று சொல்லவில்லை.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் மருத்துவிச்சியாகப் பதில் எழுதுங்கள். என் பிள்ளைக்குக் கொடுத்ததால்தான் அவள் பிள்ளை செத்ததா? வயிறு நிறையக் குடித்திருந்தால் அந்தக் காய்ச்சலில் எழுந்திருப்பானா? எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எதையும் எழுத வேண்டாம். பங்குச்சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அது போதாது என்று எனக்குத் தெரிகிறது.

நீங்கள் வரும்போது என்னைப் பார்க்காவிட்டாலும் வீரம்மாவைப் பாருங்கள். நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். நகமெல்லாம் வெளுத்திருக்கிறது. கேட்டால் ஒன்றுமில்லைங்கம்மா என்கிறாள்.

கொழுந்து நிறுக்கச் சங்கு ஊதிவிட்டது. அவள் வரும் நேரம். உலை கொதிக்கிறது, சோறு வடிக்க வேண்டும். நிறுத்துகிறேன்.

மரியநாயகி